ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதோ?

தோழர்களே!

வானம் அடைபட்டுக் கிடந்த காலம் ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா?

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் இந்நாட்டு விமான நிலையங்களின் அயல்நாட்டு வாயில்கள் மூடப்பட்டன. ஒரு வாரம் என்றார்கள். வாரம் திங்களாயிற்று, திங்கள் ஆண்டாயிற்று. இடையிலே, ‘ஏர் பபுள்’ என்ற பெயரில் சில நாடுகளோடு மட்டும் தனி ஏற்பாடு செய்துகொண்டார்கள். மற்றபடி, வழக்கமான விமானங்கள் மீண்டும் பறந்தது 2022ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள். ஈராண்டுக்கும் நான்கு நாள் மிகுதி!

திறந்த அன்று எத்தனை கோலாகலம்! ஏடுகள் எக்களித்தன. பயண நிறுவனங்கள் பட்டுக் கம்பளம் விரித்தன. பாரிசு கோபுரம் பார்க்கத் துடித்தவர்கள், சுவிட்சர்லாந்துப் பனியைத் தொட்டுப் பார்க்க ஏங்கியவர்கள், சிங்கப்பூர்க் கடைவீதியில் சிங்காரப் பொருள் வாங்கக் காத்திருந்தவர்கள், எல்லோரும் பெட்டி கட்டினர். வாழட்டும்! ஈராண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் உலகைக் காணச் செல்வதிலே நமக்கென்ன வருத்தம்? வருத்தம் இல்லை.

ஆனால், அதே நாளில் பெட்டி கட்டிய மற்றொரு கூட்டம் உண்டு. அந்தப் பெட்டியிலே குளிராடை இல்லை. ஊறுகாய்ப் புட்டி இருந்தது. அந்தச் சட்டைப் பையிலே சுற்றுலா வரைபடம் இல்லை. கந்துக் கடன் சீட்டின் நகல் இருந்தது. கண்ணிலே களிப்பு இல்லை, கலக்கம் இருந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி எந்த ஏடும் எழுதவில்லை. எழுதாத அந்தக் கதையைத்தான் இந்த ஞாயிறு உங்கள்முன் வைக்கிறேன். ஆண்டுகள் சில கடந்தபின் இப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். வாயில் திறந்தது, அந்த வாயிலில் நின்றவனுக்கு நீதி திறந்ததா? அந்தக் கேள்விக்கு இன்னமும் விடை வரவில்லை. அதனால்தான்!

* * *

2022ஆம் ஆண்டு மே திங்கள். துபாயிலே தமிழ் மன்றத்தார் பாவேந்தர் விழாவுக்கு அழைத்திருந்தனர். விருத்தாசலம் சந்திப்பிலே திருச்சி செல்லும் இரவு வண்டிக்குக் காத்திருந்தேன். நடைமேடையிலே ஒரு சிறு கூட்டம். நடுவிலே முப்பதை எட்டாத இளைஞன். பக்கத்திலே அவன் துணைவி, இடுப்பிலே ஒரு குழந்தை. ஒரு முதிய தாய், முந்திரிப் பருப்புப் பொட்டலத்தை அவன் பையிலே திணிப்பதும், அவன் எடுத்துத் திருப்பித் தருவதும், அவள் மீண்டும் திணிப்பதுமாக இருந்தாள்.

என்னைக் கண்டதும் இளைஞன் அருகில் வந்தான். “அண்ணே, நம்ம ஊர்ப் பாலக்கரைக் கூட்டத்திலே நீங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறேன்” என்றான். எங்கே பயணம் என்றேன். துபாய் என்றான். நானும் அங்கேதான் என்றேன். அவ்வளவுதான், அந்தத் தாய் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

“தம்பி, நீங்களும் அந்தப் பக்கம்தானே போறீங்க? பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. போன தடவ போனவன், ஒடம்பு ஓடாத் தேஞ்சு திரும்பி வந்தான். இந்தத் தடவயாவது நல்லபடியா இருக்கணும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மேடைப் பேச்சாளன் அல்லவா, வாக்குறுதி தருவது நாவுக்கு எளிது!

அரியலூர் கடந்தது, திருவரங்கம் கடந்தது, வண்டியிலேயே அவன் கதை முழுதும் கேட்டேன். தந்தை செராமிக் தொழிற்பேட்டையிலே சூளைத் தொழிலாளி. மின்சார ‘பியூஸ்’ கட்டைகளுக்கு அச்சு வார்த்து, காயவைத்து, சுட்டெடுத்துக் குடும்பத்தைக் காத்தவர். மகனும் பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் அதே சூளைக்குப் போனான். வேலை குறைந்தது, வாரத்திலே ஆறு நாள் நான்காயிற்று, நான்கு இரண்டாயிற்று. 2018இல் கடல் கடந்தான். கட்டடங்களிலே தரைக்கு ஓடு பதிக்கும் வேலை. மண்ணைச் சுட்டு ஓடாக்கத் தெரிந்தவன், யாரோ சுட்ட ஓட்டை யாரோ கட்டிய மாளிகையிலே பதிக்கப் போனான்!

2020இல் தொற்று வந்தது. வேலை நின்றது. மூன்று திங்கள் ஊதியம் நிலுவையிலே நிற்க, அறையிலே பன்னிருவரோடு அடைபட்டுக் கிடந்து, ஊரிலிருந்து கடன் வாங்கி அனுப்பிய பணத்திலே பயணச்சீட்டு வாங்கித் திரும்பினான். அந்த நிலுவை இன்றுவரை வரவில்லை. கேட்க ஆளில்லை, கேட்கும் இடம் தெரியவில்லை. ஈராண்டு முந்திரிக் காட்டிலே கூலி வேலை. வானம் திறந்ததும் முகவர் வந்தார். தொண்ணூறாயிரம் ரூபாய் கேட்டார். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தான்.

“என்ன விசா, தம்பி?” என்றேன்.

“சுற்றுலா விசா, அண்ணே. அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்.”

தோழர்களே, நானும் சுற்றுலா விசாவிலேதான் போனேன்! பேசப் போனவன் கையிலும் சுற்றுலா விசா. பாறை சுமக்கப் போனவன் கையிலும் சுற்றுலா விசா! ஒரே வண்டி, ஒரே விமானம், ஒரே முத்திரை. நான் ஐந்து நாளில் மாலையோடு திரும்பினேன். அவன்?

விமானம் மேலே ஏறியபின், மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். “அண்ணே, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்.” ஆங்கிலத்திலே ஒரு கடிதம். ஆயிரத்து ஐந்நூறு திர்கம் என்று முகவர் வாயால் சொன்னது, தாளிலே தொள்ளாயிரமாக இருந்தது. உணவு யார் பொறுப்பு என்று ஒரு சொல் இல்லை. திரும்பும் பயணச்சீட்டு பற்றி ஒரு சொல் இல்லை. கல்லூரிப் படியைப் பாதியிலே இறங்கியவன் நான். எனக்கே விளங்கும் எளிய ஆங்கிலம் அது. படித்துச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சரி அண்ணே, இறங்கினபின் பார்த்துக்கொள்ளலாம்” என்றான்.

மூன்று மணி நேரம் மேடையிலே முழங்கத் தெரிந்தவன் நான். நாடகத்திலே ஏழையின் கண்ணீரை எழுதிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்த ஒரு தாளை, அவன் தொண்ணூறாயிரத்தைக் கொடுக்குமுன், அவன் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து படித்துச் சொல்ல நானும் வரவில்லை. நம்மில் எவரும் செல்லவில்லை. வானத்திலே ஏறியபின் படித்து என்ன பயன்? அன்று என் நெஞ்சைச் சுட்ட வினா அது. விழாவிலே நான் பேசினேன், கைதட்டினார்கள். அந்த ஓசை எனக்கு இனிக்கவில்லை.

* * *

விருத்தாசலத்தார்க்கு ஒரு கதை தெரியும். முதுகுன்றம் என்று பழம்பெயர் பூண்ட அவ்வூரிலே, சுந்தரருக்கு ஆண்டவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தாராம். வழியிலே கள்வர் பயம். “பொன்னை இங்கே மணிமுத்தாற்றிலே போடு, திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள்” என்றாராம். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று நாட்டிலே வழங்கும் பழமொழிக்கு இந்தக் கதையைத்தான் காட்டுவர்.

புராணத்தை நம்பச் சொல்லவில்லை நான். நம்புகிறவர் நம்பட்டும். ஆனால், அந்தக் கதையிலே உள்ள ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆற்றிலே பொன்னைப் போடுமுன் சுந்தரர் என்ன செய்தாராம்? அதிலே ஒரு துண்டை மாதிரிக்கென்று வெட்டிக் கையிலே வைத்துக்கொண்டாராம். மச்சம் என்பர் அதனை. குளத்திலே எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தாராம். மாற்றுக் குறைந்தது கண்டு, விட்டேனா பார் என்று வாதாடி, குறையாத பொன்னைப் பெற்றாராம்!

கடவுளிடமே கொடுத்தாலும் கையிலே மாதிரி வைத்துக்கொண்டார் அந்த அடியார்! நம் இளைஞனோ, முகம் தெரியாத முகவரை நம்பித் தன் வாழ்வையே ஆற்றிலே போடுகிறான். கையிலே மச்சம் இல்லை. மச்சம் என்பது என்ன? தனக்குப் புரியும் மொழியிலே, ஊதியம் இவ்வளவு, வேலை இன்னது, உணவும் உறைவிடமும் இவர் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம்! அது இல்லாதவன் அக்கரையிலே போய் எதனோடு எதனை உரைத்துப் பார்ப்பான்? சுந்தரருக்கு வழக்காடத் தெய்வம் இருந்தது. இவனுக்கு வழக்காட யார் இருக்கிறார்?

* * *

இது இன்று முளைத்த கொடுமை அன்று. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ கப்பல் தமிழரையும் தெலுங்கரையும் நேட்டால் கரும்புத் தோட்டங்களிலே கொண்டுபோய் இறக்கியது. நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ராஜுலா’ ஏற்றிச் சென்ற தமிழர் எத்தனை பேர்! இலங்கைத் தேயிலைக்குப் போனவர்களை எங்கே நிறுத்தினார்கள்? மண்டபம் முகாமிலே! இலங்கை அரசு நடத்திய அந்த முகாமிலே, கூலி என்ற பெயர் சுமந்த நம் முன்னோரைத் தடுத்து வைத்து, நோய் உண்டா என்று சோதித்துத்தான் கடலைக் கடக்க விட்டார்கள். மலாயாவுக்குப் போனவர்களுக்குப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு. சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவு.

தனிமைப்படுத்தல் என்ற சொல்லை 2020இலேதான் கேட்டதுபோல வியந்தனர் நம் நகரத்து நண்பர்கள். உழைக்கப் போன தமிழனுக்கு அது தாத்தா காலத்துச் சொத்து, தோழர்களே! உழைப்பு வேண்டும், உழைப்பவன் உடலைக் கண்டால் அச்சம்! தேயிலை வேண்டும், அதைக் கிள்ளும் விரலைக் கண்டால் ஐயம்! அன்று கங்காணி, இன்று முகவர். அன்று கப்பலின் மேல்தளம். இன்று விமானத்தின் கடைசி வரிசை. ஊர்தி மாறியது, உரிமை மாறவில்லை.

தொற்றுக் காலம் அதை வெட்ட வெளிச்சமாக்கியது. சிங்கப்பூர், ஒழுங்குக்கும் தூய்மைக்கும் உலகமே எடுத்துக்காட்டும் நகரம். அங்கே தொழிலாளர் விடுதிகளிலே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். தமிழரும் வங்கதேசத்தாரும் அவர்களிலே பெரும் பகுதி. அவர்களிலே 47 விழுக்காட்டினரைத் தொற்று தீண்டிவிட்டது என்று 2020 டிசம்பரில் அந்நாட்டு மனிதவள அமைச்சகமே கணக்குச் சொன்னது. ஏறத்தாழப் பாதிப் பேர்! நகரத்து மக்கள் உணவகம் சென்று உலா வந்த நாட்களிலும் விடுதிக்காரர் விடுதியிலேயே கிடந்தனர். 2021 செப்டம்பரில், வாரத்துக்கு 500 பேர் மட்டும் லிட்டில் இந்தியாவுக்குப் போய்வரலாம் என்று ஒரு சோதனை ஏற்பாடு செய்தார்கள். வானளாவ அந்த நகரைக் கட்டியவனுக்குத் தேக்கா வீதியிலே நடக்க முறைச்சீட்டு!

அங்கே அப்படி, இங்கே எப்படி? 2020 மே 7 முதல் வெளிநாட்டிலே தவித்தவர்களை அழைத்துவர ஒரு திட்டம் தொடங்கியது ஒன்றிய அரசு. ‘வந்தே பாரத்’ என்று வடமொழியிலே வாய் மணக்கப் பெயர்! பயணக் கட்டணம்? பயணியின் தலையிலே! வேலை இழந்தவன், ஊதியம் இழந்தவன், உண்ண வழியற்றவன், தன் தாய்நாடு தன்னை மீட்பதற்குத் தானே விலை கொடுத்தான். கடற்படைக் கப்பல் ‘ஜலஷ்வா’ 2020 ஜூனில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் தூத்துக்குடிக்கு நம்மவரைக் கொண்டுவந்தது. அதனை இயக்கிய கடற்படை வீரர்களுக்கு நன்றி. அந்தப் பரிவு வானூர்திச் சீட்டிலே ஏன் இல்லை என்பதே கேள்வி.

* * *

திரும்பி வந்தவன் மீண்டும் போக நினைத்தபோது எத்தனை சுவர்கள்! 2021 பிப்ரவரியில் சவுதி அரேபியா கதவை மூடியது. இந்தியாவிலிருந்து பெரும்பாலோர் நேரே நுழைய அந்த ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இடைக்காலத்திலே, மூன்றாவது நாடொன்றிலே பதினான்கு நாள் தங்கிப் போகலாம் என்ற குறுக்கு வழி. அந்தப் பதினான்கு நாள் விடுதிச் செலவு யாருக்கு? அதுவும் கடன்! நேபாளம் வழியாகப் போக முயன்று காத்மாண்டுவிலே சிக்கித் தவித்தோர் பலர். 2021 ஏப்ரல் இறுதியிலே ஐக்கிய அரபு அமீரகம் மூடியது; ஆகஸ்டில்தான் தளர்த்தியது. கோவாக்சின் போட்டுக்கொண்டவர்களின் நிலையோ இன்னும் அவலம். உலக நல்வாழ்வு நிறுவனம் அந்த ஊசியை ஏற்றது 2021 நவம்பர் 3இல். அதுவரை, அரசு போட்ட ஊசியைப் போட்டுக்கொண்ட குற்றத்துக்காக எல்லைகளிலே தடுக்கப்பட்டான் குடிமகன்.

இவற்றையெல்லாம் பேரிடரின் கொடுமை என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறேன். ஏட்டுக்காரர் பலர் சொல்ல மறந்தது, நாம் மறக்கக்கூடாதது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இந்தியத் தொழிலாளிக்கு இவ்வளவுக்குக் குறையாமல் ஊதியம் தரவேண்டும் என்று இந்திய அரசே ஓர் அளவு வைத்திருக்கிறது. குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியம் என்று பெயர். 2020 செப்டம்பரில், தொழிலாளி வீட்டிலே முடங்கி விழி பிதுங்கிக் கிடந்த வேளையிலே, அந்த அளவை 30 முதல் 50 விழுக்காடு வரை வெட்டியது ஒன்றிய அரசு! அமீரகத்துக்கு 200 டாலர் என்றது. குறைத்தால்தான் வேலை கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். தன் நாட்டு மக்களின் உழைப்புக்குத் தானே தள்ளுபடி விலை ஒட்டி, உலகச் சந்தையிலே கூவி விற்ற அரசு! தெலங்கானா உயர்நீதிமன்றத்திலே பொதுநல வழக்கு வந்தது, எதிர்ப்பு எழுந்தது, 2021 ஜூலையில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். நல்லது. ஆனால், இடைப்பட்ட பத்துத் திங்களிலே அந்த வெட்டுக் கூலியைக் காட்டி ஒப்பந்தத்திலே கைநாட்டு வாங்கப்பட்டவர்களுக்கு யார் ஈடு செய்வது?

* * *

“இவ்வளவு துன்பம் என்றால் ஏன் போகிறார்கள்? உள்ளூரிலேயே கிடக்கலாமே?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஐயன்மீர், கடல் கடப்பது தமிழனுக்குப் புதிதன்று, இழிவும் அன்று. பூம்புகாரில் கலம் நிறுத்திய இனம் நாம். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று அஞ்சிக் கிடந்தவர்கள் வேறு, நாமல்ல. போகட்டும், உலகமெல்லாம் போகட்டும்! 2015இல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 லட்சம் பேர் அயல்நாடுகளிலே இருப்பதாகக் கணித்தது. அவர்கள் அனுப்பிய பணத்திலே எத்தனை கூரை ஓட்டு வீடாயிற்று! எத்தனை தங்கை பட்டம் பெற்றாள்! அதை மறுப்போர் யார்? பயணத்தை எதிர்க்கவில்லை நாம். பாதுகாப்பில்லாத பயணத்தை எதிர்க்கிறோம்.

“அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே” என்பார்கள் வேறு சிலர். இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாப்பாளரிடம் அனுமதி பெறவேண்டும் என்று ஏற்பாடு. முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் என்று விதி. 275 ரூபாய் கட்டினால் ஈராண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு. ஏட்டிலே எல்லாம் இனிப்பாக இருக்கிறது. என் பக்கத்து இருக்கைக்காரனைப் பாருங்கள். முப்பதாயிரம் எங்கே, தொண்ணூறாயிரம் எங்கே? சுற்றுலா விசா என்ற ஒரு சொல்லாலே அனுமதி, ஒப்பந்தம், காப்பீடு ஆகிய மூன்றையும் அவனிடமிருந்து பறித்துவிட்டார் முகவர்! சட்டத்தின் கண்ணுக்கு அவன் தொழிலாளி அல்லன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் உல்லாசப் பயணி! அந்தக் காப்பீடும் விபத்துக்கே உரியது. தொற்று வந்து மாண்டவனுக்கு அந்தப் பத்து லட்சம் இல்லை. புதுச் சட்டம் செய்வோம் என்று 2019இலே ஒரு வரைவு, 2021இலே ஒரு வரைவு, 2025இலே ஒரு வரைவு! வரைவுகள் வந்தவண்ணம் இருக்க, வண்டியேறுகிறவன் வெறுங்கையோடு ஏறுகிறான்.

மாநிலத்தின் கடமையையும் மறைக்காமல் பேசுவோம். 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஓர் அரசு நிறுவனம் கண்ட மாநிலம் இது. 2011இல் அயலகத் தமிழர் நலனுக்குச் சட்டம் இயற்றியது கழக அரசு. பத்தாண்டு அது தூங்கியது. 2021 அக்டோபர் 6ஆம் நாள் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதற்கு உயிரூட்டி, வாரியமும் நலத்திட்டங்களும் அறிவித்தார். ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாயிற்று. பெருமைதான். பெருமையோடு நிறுத்திக்கொண்டால் கடமை என்னாவது? சென்னையிலே வாரியம் இருப்பது விருத்தாசலத்துச் சிற்றூரிலே சூளைத் தொழிலாளியின் மகனுக்குத் தெரியவேண்டுமே! அவனுக்குத் தெரிந்த ஒரே அலுவலகம், முகவரின் அலுவலகம். அவர் கதவு இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிறது. நம் கதவு?

* * *

இன்னொரு கேள்வியும் கேட்டாகவேண்டும். அவன் போனது விருப்பத்தாலா, வேறு வழி இல்லாமையாலா?

விருத்தாசலத்திலே என்ன இல்லை? பக்கத்திலே நெய்வேலி. நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கிறது வெண்களிமண். சுரங்கம் வெட்டும்போது வந்தே தீரும் செல்வம் அது. மண் இருக்கிறது, மண்ணைப் பிசையத் தெரிந்த கை இருக்கிறது, பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இருக்கிறது, நாற்றிசைக்கும் செல்ல இருப்புப்பாதைச் சந்திப்பு இருக்கிறது. பியூஸ் கட்டைகளும், கோப்பைகளும், பொம்மைகளும், அகல் விளக்குகளும் நாடெங்கும் போயின. காலம் மாறியது. பீங்கான் பியூஸ் இருந்த இடத்திலே புதிய சுவிட்ச் வந்தது. எரிபொருள் விலை ஏறியது. குஜராத்தின் மோர்பியிலே பெருஞ்சூளைகள் எழுந்தன. வடக்கே குர்ஜா கோப்பைகளை அனுப்பியது. புதிய பொருளுக்கு மாற நம் சிறு சூளைக்காரருக்கு முதலும் இல்லை, வழிகாட்டலும் போதவில்லை. எரியும் சூளை சில. அணைந்த சூளை சில. அணைந்த சூளையின் முன்னே நின்றவன்தான் அந்த இளைஞன்.

மண்ணின் தொழிலை அறிந்த நம் ஊரார்க்கு ஒன்று சொல்லத் தேவையில்லை. சுடாத பானை, முதல் மழையிலே கரையும். சுட்ட பானை, எந்த மழைக்கும் நிற்கும். பயிற்சியும் சான்றிதழும் ஒப்பந்தமும் இல்லாமல் நாம் அனுப்புவது பச்சை மண் கலத்தை! அக்கரை மழையிலே அது கரைந்தால், மழையைக் குறை சொல்லி என்ன பயன்? சுட்டு அனுப்பினோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போவதானால் தேர்ந்த தொழிலாளியாகப் போகட்டும். போகாமல் இருக்க விரும்பினால், இருப்பதற்கு இங்கே ஒரு சூளை எரியட்டும். இரண்டிலே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை இருந்தால்தான் அதற்குப் பயணம் என்று பெயர். இல்லையேல் அது நாடு கடத்தல்!

* * *

ஆகவே, அரசுகளிடம் கேட்கவேண்டியதைக் கேட்போம். ஒப்பந்தம் தமிழிலும் இருக்கட்டும். அதன் ஒரு படி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே இருக்கட்டும். அதுவே நாம் கேட்கும் மச்சம்! தொற்றுக் காலத்திலே திரும்பியோரின் ஊதிய நிலுவையைப் பட்டியலிட்டுத் தூதரகங்கள் வழியே கேட்கட்டும். நோயால் மாண்டாலும் காப்பீடு உண்டு என்றாகட்டும். இனியொரு பேரிடர் வந்தால், மீட்கும் விமானத்திலே பயணியிடம் கட்டணம் கேட்காதிருக்கட்டும். சுற்றுலா விசாவிலே ஆள் அனுப்பும் முகவரைச் சட்டம் பிடிக்கட்டும்.

கேட்பது ஒரு பாதி. மறு பாதி, நாம் செய்யவேண்டியது. தோழர்களே, நம் இயக்கம் வளர்ந்தது மாளிகையிலா? படிப்பகங்களிலே! எழுத்தறியாதவர்க்கு ஏடு படித்துச் சொல்லி வளர்ந்த இயக்கம் இது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்டு அறிவு பெற்ற வரலாறு நம்முடையது. அந்தப் படிப்பகங்கள் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றிலே ஆடுபலகை மட்டும் இருக்கிறது. திறவுங்கள்! அங்கே ஒரு குறிப்பேடு வையுங்கள். வெளிநாடு செல்வோர் பெயர், செல்லும் நாடு, முகவர் பெயர், சொன்ன ஊதியம், கொடுத்த பணம், எல்லாம் எழுதுங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்று ‘ஈ-மைக்ரேட்’ தளத்திலே பாருங்கள். பணம் கொடுக்குமுன் தாளைப் படித்துச் சொல்லுங்கள். அயலகத் தமிழர் வாரியத்திலே பதிந்து அனுப்புங்கள். திரும்பியவரின் நிலுவைக்கு மனு எழுதிக் கொடுங்கள். கிளைக்கு இருவர் போதும்; வாரத்துக்கு ஒரு மாலை போதும். ஊர்வலத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் செலவிடும் உழைப்பிலே பத்திலொரு பங்கு போதும்!

அந்த இளைஞன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். துபாய் விமான நிலையத்திலே, குடிநுழைவு முத்திரை பெற்றபின், கூட்டத்திலே கலந்து போய்விட்டான். அவன் தந்த எண்ணிலே மூன்று முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான் திரும்பி வந்தபின் ஒருநாள் விருத்தாசலத்திலே அவன் தாயைக் கண்டேன். பேசினான், வேலை கிடைத்ததாம் என்றாள். என்ன ஊதியமாம் என்றேன். “அதச் சொல்லல தம்பி” என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் அல்லவா நான்!

அந்த வாக்குறுதியை நான் தனியாக நிறைவேற்ற முடியாது. நாம் நிறைவேற்றலாம். விமானங்கள் பறக்கின்றன, இன்னும் பறக்கும். நாளை இரவும் விருத்தாசலம் நடைமேடையிலே ஒரு தாய் முந்திரிப் பொட்டலத்தோடு நிற்பாள். அவள் மகன் கையிலே தமிழில் எழுதிய ஒரு தாள் இருக்கவேண்டும். அதைப் படித்துச் சொன்ன ஒரு தோழன் அவன் அருகிலே நிற்கவேண்டும்.

ஆற்றிலே போட்டது போதும். இனிப் போடுமுன் மச்சம் எடுப்போம். படிப்பகத்தின் பூட்டைத் திறவுங்கள், தோழர்களே!